சேவலும் ஒத்த மணியும்: ஊர் அசனத்துக்குப் போன அஞ்சு நாள்

வியாழன் ராத்திரி, ரயில்ல

எழும்பூர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறியாச்சு. நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு 74 வயசு, லோயர் பெர்த்துல சம்மணம் போட்டு உக்காந்து இட்லி பொட்டலத்த பிரிச்சாச்சு, இன்னும் தாம்பரம் கூட வரல. சாத்தான்குளம் பக்கத்துல எங்க ஊரு, ஞாயித்துக்கிழமை கோயில் (சர்ச்ச நாங்க கோயில்னுதான் சொல்லுவோம்) பிரதிஷ்டை பண்டிகை, அசனம், அதாவது ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுற விருந்து. அப்பா 11 வருஷமா இதுக்குப் போகல. ஒரு சபை எலெக்ஷன், ஒரு ஹால் கணக்கு, ஒரு வார்த்தை, அதுக்கு எதிர் வார்த்தை, அவ்வளவுதான், அன்னிக்கு ஆசீர்வாதம் கூறுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வெளிய வந்தவர்தான். எதிர்ல நின்னது வேற யாரும் இல்ல, சொந்த மச்சான், எனக்கு மாமா முறை, சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல நாசரேத்து ஸ்கூலுக்குப் போனவங்க.

என் கதையும் சொல்லிடறேன். அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா யூட்யூப்ல ஆராதனைய ஓட விட்டுட்டு குக்கருக்கு விசில் எண்ணுற கேஸ் நான். சண்டை எல்லாம் இல்ல. ஐசியூ வாசல்ல 19 நாள் ஜெபம் பண்ணிட்டு, இருபதாம் நாள்லேந்து என்ன பேசுறதுன்னு தெரியாம போச்சு, அப்படியே பேச்சு நின்னு போச்சு.

அத்தை போன வாரம் போன் பண்ணி "ஏட்டி, ஒங்க அப்பன கூட்டிட்டு வா, அடுத்த அசனத்துக்கு யாரு இருப்பா யாரு இருக்க மாட்டா"ன்னு சொன்னா. டிக்கெட் போட்டுட்டேன்.

இந்த ரயில்ல ஏறுனாலே அந்த டிசம்பர் ஞாபகம் வரும். 2023 டிசம்பர் 17, காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னிக்கு ராத்திரி திருச்செந்தூர்லேந்து கிளம்புன இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. தண்டவாளத்துக்கு அடில இருந்த மண்ண எல்லாம் வெள்ளம் அடிச்சுட்டுப் போயிட்டு, கம்பி அந்தரத்துல தொங்குச்சு. ஏறத்தாழ 800 பேரு. சுத்தி தண்ணி. பக்கத்து புதுக்குடி ஊர்க்காரங்க தங்களோட வீடே தண்ணிக்குள்ள இருக்கும்போது கையில இருந்த அரிசி பருப்ப கொண்டாந்து அம்மன் கோயில்ல வச்சு சமைச்சுப் போட்டாங்க. அப்பா இத ரயில்ல எதிர் சீட்டு ஆளுகிட்ட சொல்லி முடிச்சுட்டு "அதுவும் அசனம்தான்யா"ன்னார். அவரு திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை போடப் போறவர், தலைய ஆட்டிக்கிட்டார்.

வெள்ளி

நாசரேத்துல இறங்கும்போது இருட்டுதான். ஸ்டேஷன் வெளிய சுக்கு காபி, கருப்பட்டி போட்டது, அந்த முதல் வாய்க்கே ரயில் அலுப்பு போயிடுச்சு. அப்பா அந்த தெருவுல நின்னுட்டு "எல்லாம் மர்காசிஸ் ஐயர் போட்ட ரோடு"ன்னார். ஐயர்னா எங்க பக்கம் பாதிரியார். ரோடு போட்டாரோ என்னவோ, 1876லேந்து 1908 வரைக்கும் இந்த ஊர்லயே கிடந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழில் சொல்லிக் குடுக்குற எடம்னு கட்டுன மனுஷன், அதனால இந்த ஊர்ல எது நல்லா இருந்தாலும் அவரு கணக்குல எழுதிடுவாங்க.

ஆட்டோ அண்ணாச்சிகிட்ட கொஞ்சம் சுத்திப் போகச் சொல்லி மெஞ்ஞானபுரம் போனோம். பனங்காட்டுக்கு நடுவுல 192 அடி கோபுரம். நான் சின்னப் பிள்ளைல பஸ்ஸுல வரும்போது இந்தக் கோபுரம் தெரிஞ்சதும் அம்மா தலைய சீவி விட ஆரம்பிப்பா, ஊர் வந்துட்டுன்னு அர்த்தம். வேல்ஸ் நாட்டுலேந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் 30 வருஷத்துக்கு மேல இங்கன இருந்து கட்டுனது, 1870ல இறந்து இங்கேயே அடக்கம். இன்னிக்கு போனப்ப உள்ள ஒரு அக்கா தனியா தரைய கூட்டிக்கிட்டு, கூட்டுற தாளத்துக்கே ஒரு கீர்த்தனைய முனகிக்கிட்டு இருந்தாங்க. எங்களப் பாத்ததும் பாட்ட நிறுத்திட்டு "தோத்திரம்" சொல்லிட்டு, நாங்க நகந்ததும் விட்ட அடியிலேந்து திரும்ப ஆரம்பிச்சாங்க.

அப்புறம் முதலூர். 1799ல சுந்தரானந்தம் தாவீதுங்கிறவர் எடம் வாங்கி, ஊர்ல அடி வாங்கி ஓடி வந்த கிறிஸ்தவங்கள குடி வச்ச முதல் ஊரு, அதான் பேரே முதலூர். நாங்க எறங்குனது சரித்திரத்துக்காக இல்ல, மஸ்கோத் அல்வாவுக்கு. நெய்யே கிடையாது, தேங்காப் பால்லயே கிண்டுறது, ஒரு கிலோ வாங்கி பாதிய ஆட்டோவுலயே காலி பண்ணியாச்சு. அப்பாவுக்கு சுகர் இருக்குங்கிறத இங்க எழுதிட்டேன்னு அவருக்கு தெரிய வேண்டாம்.

ஊருக்குள்ள நுழையும்போது வாழைமரம் கட்டி சீரியல் லைட் போட்டு, ஸ்பீக்கர்ல ஒரு பையன் "ஹலோ மைக் டெஸ்டிங், அல்லேலூயா, ஒன் டூ த்ரீ"ன்னு கத்திக்கிட்டு இருந்தான். கோயில் வாசல்ல ஒரு நாற்காலில மாமா. அப்பா ஆட்டோவுக்குள்ள சாஞ்சு உக்காந்துட்டார், கண்ணாடிய துடைக்கிற மாதிரி. மாமாவும் வாழைமரக் கட்டு சரியா இருக்கான்னு பாக்கத் திரும்பிட்டார். நான் மட்டும் கைய ஆட்டினேன்.

சனி

நாலு மணி இருக்கும். மணி. ஒரே ஒரு அடி. அது முழுசா அடங்குற வரைக்கும் காத்திருந்து அடுத்த அடி.

ஆராதனைக்கு அடிக்கிற மணி வேற, முதல் மணி ரெண்டாம் மணின்னு துள்ளிக்கிட்டு வரும். இது துக்க மணி, ஒத்த மணி. அத்தை பாயில எந்திரிச்சு உக்காந்து "யாரும்மா"ன்னு இருட்டுகிட்ட கேட்டா. கொஞ்ச நேரத்துல தெருவுல செருப்புச் சத்தம், டார்ச் வெளிச்சம், பேரு வந்துடுச்சு. தெக்குத் தெரு ஆச்சி. 88 வயசு. ராத்திரி ஜெபம் பண்ணிட்டு படுத்தவங்க.

முந்தின நாள் சாயங்காலம்தான் நான் அவங்கள பாத்தேன். "நீ அவ மகதான, அவள மாதிரியே நடக்கா பாரு"ன்னு என் கைய புடிச்சுக்கிட்டு விடல. அம்மா நடக்குற மாதிரி நான் நடக்கேன்னு இந்த மூணு வருஷத்துல யாரும் சொன்னதில்ல. சென்னைல யாருக்கு தெரியும் அம்மா எப்படி நடப்பான்னு.

காலைல ஒரே கேள்வி, அசனத்த தள்ளி வைக்கிறதா. ஆடு வந்து கட்டியாச்சு, பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. ஐயர் அந்த வீட்டுக்குப் போய் திண்ணைல உக்காந்தார், ஒண்ணும் கேக்கல. ஆச்சியோட மகன்தான் "அம்மைக்காக அசனத்த நிறுத்துனா அம்மை எந்திரிச்சு வந்து ஏசுவா ஐயரே"ன்னு சொன்னார், சொல்லிட்டு அழுதார். அப்ப சாயங்காலமே அடக்கம்னு முடிவாச்சு. பண்டிகைக்கு கட்டுன சீரியல் லைட்ட அணைச்சுட்டாங்க, கழத்தல.

கல்லறைத் தோட்டம் தேரி, அதான் செம்மணல் காடு, அது ஓரத்துல. செக்கச் சிவந்த மண்ணு, மாவு மாதிரி, தோண்டத் தோண்ட சரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால குழி வெட்டுறவங்களுக்கு எங்க ஊர்ல டபுள் வேலை. பெட்டிய எறக்குனதும் எல்லாரும் வரிசையா வந்து மூணு மூணு கைப்பிடி மண்ணு. அப்பா போட்டுட்டு நிமிர்றார், எதுத்த பக்கம் மாமா குனியறார். அந்தக் குழிக்கு அகலம் எவ்வளவு இருக்கும், மூணு அடி. அம்மா அடக்கத்துக்கு ஊர்லேந்து ஒரு வேன் நெறைய ஆள் வந்தாங்க, அதுல மாமா இல்ல. அப்பா அத ஒரு தடவகூட வாய விட்டு சொன்னதில்ல. இன்னிக்கும் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. திரும்பி வரும்போது அப்பா மட்டும் "அவனுக்கும் முடி கொட்டிட்டு"ன்னார்.

இனிமேதான் நான் எழுத வந்ததே.

அடக்கம் முடிஞ்சு ராத்திரி எட்டு மணி. நாளைக்கு அசனத்துக்கு உள்ளி, அதான் சின்ன வெங்காயம், உரிக்கணும், மூட்டைக் கணக்குல. வழக்கமா கோயில் ஹால்ல உக்காந்து உரிப்பாங்க. அத்தை கிளம்புனா, நானும் அருவாமனைய தூக்கிட்டு கூடவே போனேன், ஆனா அவ ஹால் பக்கம் திரும்பாம தெக்குத் தெருவுக்கு நடக்குறா. பாத்தா உள்ளி மூட்டை, பூண்டு, கத்திரிக்கா எல்லாம் ஒரு தட்டு வண்டில ஏறி அந்த துக்க வீட்டு முத்தத்துல வந்து எறங்கியாச்சு. யாரு முடிவு பண்ணாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல. "அவ தனியா கெடப்பாளே"ன்னு மட்டும் சொன்னாங்க. அவன்னா ஆச்சி மருமக, 30 வருஷம் மாமியார் கூட ஒரே அடுப்புல மல்லுக்கு நின்னவங்க.

நாப்பது பொம்பளைங்க இருப்போம். ஒருத்தி வீட்லேந்து காபி, இன்னொருத்தி வீட்லேந்து இட்லி. துக்க வீட்டுல அடுப்பு எரியக் கூடாதுல்ல. மருமக அக்கா முதல்ல சுவர்ல சாஞ்சே இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு கைய நீட்டி ஒரு கத்திய வாங்கி உரிக்க ஆரம்பிச்சாங்க. அப்பதான் யாரோ ஆச்சி கதைய எடுத்து விட்டா, ஒரு கிறிஸ்மஸ்க்கு ஆச்சி காணிக்கைப் பைல பத்து ரூபாய்க்கு பதிலா ரேஷன் சீட்ட போட்டுட்டு, பத்து நாளா வீடு பூரா மருமகள ஏசிக்கிட்டே தேடுனது. கணக்கு எழுதுற மாஸ்டர் கடைசில அத கொண்டு வந்து குடுத்தப்ப ஆச்சி அசரவே இல்லையாம், "கர்த்தருக்கு அரிசி தேவப்பட்டிருக்கும்"னாங்களாம்.

சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. எல்லாத்துக்கும் மேல அந்த மருமக அக்கா. சிரிச்சு சிரிச்சு பக்கத்துல இருக்குறவ மடியில சாஞ்சு, அது எந்த எடத்துல அழுகையா மாறிச்சுன்னு தெரியல, அந்த பக்கத்து அக்கா உள்ளி உரிக்கிற கைய நிறுத்தாம, இன்னொரு கையால முதுக தடவிக்கிட்டே இருந்தாங்க, யாரும் "அழாத"ன்னு சொல்லல. எனக்கு அந்த நேரம் வாசப் பக்கம் யாரோ வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. நெசமாத்தான். திரும்பி பாத்தேன். ஒரு நாயி மட்டும் படுத்திருந்துச்சு. திரும்ப உரிக்க ஆரம்பிச்சேன், ஆனா அந்த எண்ணம் போகல, பயமாவும் இல்ல. ஐசியூ வாசல்ல நான் எத்தனையோ பேர கூப்ட்டுப் பாத்தேன், பெரிய பெரிய ஜெபக் குழுவுக்கெல்லாம் போன் போட்டேன். இப்படி உள்ளி மூட்டையோட வந்து உக்காருவாருன்னு எனக்குத் தோணவே இல்ல.

கை இன்னும் நாறுது. இத டைப் பண்ற போனும் சேந்து நாறுது.

ஞாயிறு

ஒன்பது மணி ஆராதனை. ஐயர் அங்கிய பாத்தேன், நேத்து அடக்கத்துல ஒட்டுன தேரி மண்ணு அடிப் பக்கமா இன்னும் செவப்பா இருக்கு. அதே அங்கியோட ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். தண்ணி தலைல பட்டதும் அது போட்ட கூச்சல்ல கீபோர்டு தம்பி பயந்து ஏதோ ஒரு பட்டன அமுக்கி, பாமாலைக்கு டிஸ்கோ ரிதம் வந்துடுச்சு. பாடகர் குழுவுல எல்லாரும் தலைய குனிஞ்சுக்கிட்டாங்க, தோள் மட்டும் குலுங்குது. பிரசங்கம் 50 நிமிஷம். நான் தூங்கலன்னு சொன்னா பொய்.

காணிக்கை நேரம். இந்தப் பக்கம் தெரியாதவங்களுக்கு: பொம்பளைங்க தெனமும் உலை வைக்கும்போது அளந்து போட்ட அரிசிலேந்து ஒரு கைப்பிடிய திரும்ப எடுத்து தனியா ஒரு பாத்திரத்துல போடுவாங்க, கைப்பிடி அரிசின்னு பேரு, அத கோயிலுக்கு கொண்டு வந்து படைக்கிறது. பஞ்ச காலத்துலயும் நிறுத்தாத வீடு உண்டு. வெளிநாட்டு ஐயர்மாரு காசுலதான் இந்தக் கோயிலெல்லாம் வந்துச்சுன்னு நெனைக்கிறவங்க இந்தப் பாத்திரத்த பாக்கணும். 1903ல திருநெல்வேலிக்காரங்களே சேந்து தங்களோட சொந்தக் காசுல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு தெலுங்கு பேசுற பக்கத்துக்கு ஆள் அனுப்புனாங்க, அதுல முன்ன நின்ன அசரியா பக்கத்துல வெள்ளாளன்விளைல பொறந்தவர், 1912ல தோர்ணக்கல்லுக்கு பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பேராயர். அந்த மாதிரி பெருசுக்கெல்லாம் அடில பாத்தா இப்படி ஏதோ ஒரு வீட்டு அரிசிப் பானைதான் இருக்கும்.

எல்லாரும் சொளவுல, பைல, டப்பால கொண்டு போறாங்க. மருமக அக்கா வெள்ளச் சேலைல வந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில பலிபீடத்துக்கு முன்னாடி வச்சாங்க. கழுத்து வரைக்கும் அரிசி. ஆச்சி பாட்டில். வச்சுட்டு அவங்க போயிட்டாங்க, ஐயரு ஒரு நிமிஷம் ஒண்ணும் சொல்லாம அதையே பாத்துக்கிட்டு நின்னார், அப்புறம் தொண்டைய செருமிட்டு அடுத்த நம்பர் பாமாலைன்னார்.

அசனம் பத்தி எவ்வளவு எழுதுனாலும் பத்தாது. விடிய விடிய ஆம்பளைங்க சமைச்சது. ஹால்ல புதுப் பாய விரிச்சு அதுமேல வெள்ளத் துணி, அதுமேல சோறு, ஆள் இடுப்பு உயரத்துக்கு ஆவி பறக்க ஒரு குன்னு. ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு அண்டா அண்டாவா. ஐயர் ஜெபம் பண்ணுனதும் வாளி தூக்கிட்டு பையங்க ஓட்டமும் நடையுமா. பக்கத்து ஊரு சாமி கும்புடுறவங்க, பாய் வீட்டுக்காரங்க எல்லாம் பந்தில இருக்காங்க, பாதிப் பேர் தூக்குச்சட்டியோட, வீட்டுல படுத்துக் கெடக்குறவங்களுக்கு. கலெக்டரே வந்தாலும் வரிசைலதான் உக்காரணும்னு அப்பா சொல்லுவார். கலெக்டர் வரல.

சாயங்காலம் ஏலம். காணிக்கையா வந்த வாழைத்தார், முருங்கக்கா, முட்டை, பூசணிக்கா, எல்லாம் கடை விலைக்கு பத்து மடங்கு போகும், அதான் அதோட குஷியே. ஒரு சேவல், நல்ல செவலை, கால கட்டி மேசை மேல உக்கார வச்சிருந்தாங்க. 200ன்னு ஆரம்பிச்சாங்க. அப்பா கைய தூக்கி "300". பின்னாடிலேந்து "500". திரும்பிப் பாக்காமலே தெரியும், மாமா குரல்.

அப்பா 600. மாமா 800. அப்பா 1000. இப்ப ஹால்ல மத்தவங்க எல்லாம் வாய மூடியாச்சு. 11 வருஷமா பேசாத ரெண்டு பேரு ஒரு சேவல நடுவுல வச்சு பேசிக்கிட்டாங்க, "1200", "1300", "1500", அப்படி ஒரு பேச்சு. அப்பா 1850ன்னதும் ஏலம் போடுற அண்ணன் மாமாவ பாக்குறார், மாமா மேல முகட்ட பாக்குறார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைதட்டு. அப்பா சேவல கக்கத்துல வாங்கி வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னார், அப்பதான் நாளைக்கு ரயில் ஏறணுங்கிறது அவருக்கு ஞாபகம் வந்துச்சு போல. "இத கோயிலுக்கே திரும்ப குடுக்கேன்"ன்னு மேசைல வச்சுட்டார். திரும்ப ஏலம். மாமா ஒரே வார்த்தை, "2000". வேற யாரும் கேக்கல.

திங்கள், திரும்ப ரயில்ல

திருநெல்வேலிலேந்து நெல்லை எக்ஸ்பிரஸ். காலைல கார் புடிச்சு, போற வழியில ரெண்டு எடம் பாத்துட்டு வந்தோம்.

இடையன்குடி. கால்டுவெல் 1841ல வந்து எறங்குன ஊரு. அந்தக் கோயில 1847ல ஆரம்பிச்சு 1880லதான் பிரதிஷ்டை பண்ணியிருக்காங்க, 33 வருஷம். நான் அத வாயப் பொளந்து படிக்கிறேன், அப்பா "நம்ம ஊர் ஹால் கக்கூஸ் ஆறு வருஷமா நடக்கு"ன்னார். 1891ல கொடைக்கானல்ல இறந்தவர இங்க கொண்டாந்து பலிபீடத்துக்கு அடிலயே அடக்கம் பண்ணியிருக்காங்க, பிறகு அவரு சம்சாரம் எலைசாவும் அங்கதான். இந்த ஊர் பொம்பளைங்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக் குடுத்தது அந்த அம்மாதான். கால்டுவெல் 1849ல நம்ம ஜனங்கள பத்தி எழுதுன ஒரு புத்தகம் பின்னாடி பெரிய கசப்ப கிளப்புச்சு, எங்க தாத்தாவுக்கே அந்தக் கோவம் உண்டு, ஆனா அதே தாத்தா இடையன்குடி கோயில்ல முழங்கால் போடாம தாண்டிப் போனதில்ல. சபைன்னா அப்படித்தான் போல, கோவமும் முழங்காலும் ஒரே ஆளுகிட்ட.

அப்புறம் டோனாவூர். ஏமி கார்மைக்கேல்ங்கிற மிஷனரி அம்மா 1895ல இந்தியா வந்தவங்க, 1951 ஜனவரி 18ல இறக்குற வரைக்கும் ஊருக்குத் திரும்பவே இல்ல. இந்துக் கோயில்ல தேவதாசியா பொட்டு கட்டி விடுறதுக்குக் குடுத்த பிள்ளைங்கள எடுத்து வளத்தவங்க. 1931ல கீழ விழுந்ததுலேந்து கடைசி 20 வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அனுமதி கேட்டு உள்ள போனோம். அவங்க கல்லறைல கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம், அதனால பறவைங்க தண்ணி குடிக்கிற ஒரு கல் தொட்டி மட்டும் வச்சிருக்காங்க, அதுல ஒரே ஒரு வார்த்தை. அம்மை.

அப்பா அங்க ரொம்ப நேரம் நின்னார். மூணு வருஷமா அம்மா கல்லறைக்கு என்ன வசனம் எழுதுறதுன்னு முடிவு பண்ண முடியாம, கல்லு வெட்டுறவர் போன் பண்ணா எடுக்காம இருக்கார். நான் மெதுவா "இந்த மாதிரி போட்டுடலாமாப்பா"ன்னேன். "அது அவங்களுக்கு. உங்கம்மா ஒத்த வார்த்தையோட என்னிக்கு நிப்பாட்டியிருக்கா"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். தொட்டில தவிட்டுக் குருவி ரெண்டு வந்து குளிச்சுட்டுப் போச்சு.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். காலைல ஊர்லேந்து கார் கிளம்பும்போது மாமி ஓட்டமா வந்து ஜன்னல் வழியா ஒரு தூக்குச்சட்டிய உள்ள தள்ளுனாங்க. "வழியில சாப்டுங்க, அவிய குடுக்கச் சொன்னாவ"ன்னாங்க. அவிய வீட்டு வாசல்ல நின்னு வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தார். அப்பா ஜன்னல் வழியா கைய கொஞ்சம் தூக்குனார், ஏலத்துல தூக்குன மாதிரியே.

இப்ப கோவில்பட்டி தாண்டியாச்சு. தூக்குச்சட்டிய திறந்தா சேவல் குழம்பு. மசாலா வறுத்து அரைச்சது, டப்பா திறந்ததும் கோச்சுல பாதிப் பேரு திரும்பிப் பாத்தாங்க. அப்பா ஒரு துண்டு எடுத்து மெதுவா மென்னுட்டு, "உப்பு கம்மி"ன்னார். சொல்லிட்டு இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கிட்டார்.